ஏப்ரலில் பிரனீஸைக் கடக்கப் போகிறவர்களுக்கு

சாந்தியாகோ யாத்திரை போக வேண்டும், ஏப்ரலில்தான் லீவு கிடைக்கிறது, குளிர் தாங்குமா என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். பெரும்பாலும் வேளாங்கண்ணிக்கோ பழனிக்கோ நடந்து காய்த்த கால்கள். அவர்களுக்கு நடக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயிலில் நடந்தே பழகியவர்களுக்கு ஈரமும் காற்றும் சேர்ந்த குளிர்தான் புதிது. பிரான்சில் தொடங்கி ஸ்பெயினைக் குறுக்கே கடக்கும் ஏறத்தாழ 780 கிலோமீட்டர் பாதையில் அந்தக் குளிர் முதல் நாளே எதிரே வந்து நிற்கும். அதனால் இந்தச் சில வார்த்தைகள்.

1. காலண்டரை நம்பாதீர்கள். சான் ழான் பியே தெ போர் என்ற சிற்றூரிலிருந்து பிரனீஸ் மலைமுகட்டின் மேலாகப் போகும் வழிக்கு நெப்போலியன் பாதை என்று பெயர். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ஸ்பெயினின் நவார்ரா மாநில அரசு அதை மூடிவைக்கிறது. மீறி ஏறினால் அபராதம். ஏப்ரல் 1 அன்று தடைதான் விலகுகிறது, பனி விலகிவிடுவதில்லை. ஏப்ரலில் மேலே புதுப்பனி விழுவது சாதாரணம், சில வருடங்களில் மே மாதத்திலும் விழும்.

2. ஊரில் நின்றுகொண்டு மலையின் குளிரைக் கணக்குப் போடாதீர்கள். சான் ழான் சுமார் 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதையின் உச்சியான லெப்போயெடெர் கணவாய் சுமார் 1,430 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும். ஊரில் 13 டிகிரி இருக்கும்போது உச்சியில் 5. அங்கே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே. நனைந்திருந்தால் இன்னும் மோசம்.

3. வெதுவெதுப்பான நாளைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பிரனீஸின் இந்த மேற்குக் கோடி பிஸ்கே வளைகுடாவுக்குப் பக்கம். வடமேற்கிலிருந்து வரும் கடல்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, மூடுபனியாகவும் மழையாகவும் பனியாகவும் கொட்டுகிறது. நீங்கள் ஏறப்போவதும் அந்த வடசரிவில்தான். சில நாள் காற்று தெற்கிலிருந்து வரும். அன்று வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். ஊரில் சட்டையோடு உட்கார்ந்து காபி குடிக்கலாம். கணவாயிலோ அதே தென்காற்று ஆளை நிற்கவிடாது. அதோடு, அட்லாண்டிக்கிலிருந்து அடுத்த மழை வருவதற்கு முன்னால் வீசுகிற காற்று பல நேரம் இதுதான். இன்று வெயில், நாளைக்கும் வெயில் என்று நினைத்து ஜாக்கெட்டைப் பையின் அடியில் போட்டவர்கள் மறுநாள் அதை எடுக்கவே நனைய வேண்டியிருக்கும்.

4. சான் ழானில் சித்தாதெல் தெருவில் யாத்ரீகர் அலுவலகம் இருக்கிறது. முத்திரைப் புத்தகம் வாங்கும்போதே மறுநாள் மேலே எப்படி என்று கேளுங்கள். நீங்களும் வானிலை அறிக்கையைப் பாருங்கள்: பிரான்ஸ் பக்கத்துக்கு மெத்தேயோ பிரான்ஸ், ஸ்பெயின் பக்கத்துக்கு ஏமெத். ஊரின் வெப்பநிலையைப் பார்த்துத் திருப்திப்படாமல் 1,400 மீட்டரில் காற்றின் வேகம் என்ன, பனி எந்த உயரம் வரை இறங்கும் என்று பாருங்கள். “வால்கார்லோஸ் வழியாகப் போங்கள்” என்று சொன்னால் வாதாடாமல் போங்கள். பள்ளத்தாக்கு வழியாக, வீடுகளை ஒட்டி, பாதி தூரம் சாலையோரமாகப் போய் 1,057 மீட்டர் இபான்யெத்தா கணவாயைத் தாண்டும் அந்த வழியும் பழைய யாத்திரை வழிதான். அதில் போனால் யாத்திரைக்குக் குறை என்று பேசுகிறவர்களின் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. 2010இல் வந்த ‘தி வே’ படத்தைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டுக் கிளம்புகிறவர்கள் பலர். அந்தக் கதை தொடங்குவதே, மகன் பிரனீஸில் முதல் நாள் புயலில் இறந்துபோவதால்தான். அதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

5. பருத்தி வேண்டாம். நம் ஊருக்குப் பருத்தி அமிர்தம். அங்கே நனைந்த பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ, அதன்மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீரும் காற்றும் புகாத ஜாக்கெட். போஞ்சோ விற்பவர்கள் பையையும் சேர்த்து மூடும் என்பார்கள். மூடும்தான், காற்றில்லாத மழையில். மலையில் அது பாய்மரம். கண்ணையும் மறைக்கும், ஆளையும் இழுக்கும். கையுறை, காதுவரை இறங்கும் தொப்பி, மாற்றுக் காலுறை இவை பிளாஸ்டிக் உறையில் பையின் மேற்பகுதியில் இருக்கட்டும். ஏறும்போது வியர்க்கிற அளவு போர்த்திக்கொள்ளாதீர்கள். உள்ளே வியர்வையில் நனைந்தாலும் நனைந்ததுதான்.

6. பையை வேனில் அனுப்பிவிட்டுக் கைவீசி நடக்கும் வசதி இருக்கிறது. முதுகுவலிக்காரர்கள் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் குளிருடையும் சாப்பாடும் வேனில் ஏறக்கூடாது.

7. ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே சூரியன் எழவே ஏழரைக்கு மேல் ஆகும். வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடுங்கள். மே, ஜூனில் பிற்பகல் இடிமழையைத் தவிர்க்கவும் இது நல்லது. எட்டு கிலோமீட்டர் போல ஏறினால் ஒரிசோன் விடுதி. முன்பதிவு செய்து அங்கேயே இரவு தங்கினால் ஏற்றம் இரண்டாகப் பிரியும். ரொன்செஸ்வாயெஸ் மடம் வரையிலான ஏறத்தாழ 25 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. தங்காவிட்டாலும் அங்கே நின்று வானத்தைப் பாருங்கள். திரும்புவதானால் திரும்ப வேண்டிய இடம் அதுதான். அதற்குமேல் வெட்டவெளி மேய்ச்சல் நிலம். எல்லைக்கு அப்பால் இசாந்தோரே என்ற சின்ன அவசரக் குடில் மட்டும் உண்டு.

8. மூடுபனி இறங்கினால் அடுத்த வழிக்குறி கண்ணில் படாமல் முந்தைய குறியை விட்டு நகராதீர்கள். இருவர் மூவராகச் சேர்ந்து நடங்கள். கூட வருகிறவர் நடுங்கி, நாக்குக் குழறி, கால் இடறினால் அவருக்குக் குளிர் உள்ளே போய்விட்டது. நடுக்கம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. காற்றுப்படாத இடத்தில் உட்கார வைத்து, ஈரத்தை மாற்றி, 112ஐ அழையுங்கள். இரு நாட்டுக்கும் அந்த எண்தான்.

9. உச்சியிலிருந்து ரொன்செஸ்வாயெஸ் மடத்துக்கு இறங்க இரண்டு வழி. பீச் மரக்காட்டு வழி செங்குத்து. ஈர இலைச்சருகும் சேறும் சறுக்கும். இபான்யெத்தா வழி சற்றுச் சுற்று. நனைந்த நாளில் சுற்றுங்கள்.

10. பிரனீஸ் முடிந்தது என்று குளிருடையைத் தபாலில் அனுப்பிவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். பர்கோஸ், லெயோன் சமவெளியில் அது சுமையாகத்தான் தோன்றும். அதற்குப் பிறகு வரும் குரூஸ் தே ஃபெர்ரோ என்ற இரும்புச் சிலுவை சுமார் 1,500 மீட்டர். நீங்கள் கடந்த பிரனீஸ் உச்சியைவிட உயரம். சாந்தியாகோ இருக்கும் கலீசியாவின் வாசலான ஓ செப்ரெய்ரோ சுமார் 1,300. ஏப்ரல் தொடக்கத்தில் புறப்பட்டவர் இங்கே வரும்போது மாதக் கடைசி ஆகியிருக்கும். அப்போதும் பனி விழுவதுண்டு. ஓ செப்ரெய்ரோ தாண்டும்வரை ஜாக்கெட் உங்களோடு இருக்கட்டும்.

11. இவ்வளவும் தெரிந்தும் மோசமான நாளில் ஏறுகிறவர்கள் ஏன் ஏறுகிறார்கள்? அடுத்த ஊரில் படுக்கைக்குப் பணம் கட்டியிருப்பார்கள், திரும்பும் விமானத்துக்கு நாள் எண்ணியிருப்பார்கள். சான் ழானில் ஒரு நாள் காத்திருக்க முடியாதபடி திட்டம் போட்டவருக்கு வானிலை அறிக்கையால் பயன் இல்லை. ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே, திரும்பும் தேதியை இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்.