மீன் தொட்டியும் குழாய்த் தண்ணீரும்

வண்ண மீன் வளர்ப்பு பலருக்குப் பிழைப்பு. சென்னை கொளத்தூரிலும் மேற்கு வங்கத்திலும் எத்தனையோ குடும்பங்கள் இதை நம்பி வாழ்கின்றன. வீட்டில் அழகுக்காகத் தொட்டி வைத்திருப்பவர்களும் உண்டு.

மீனுக்குத் தண்ணீர்தான் வீடு. அதிலேயே தின்கிறது. அதிலேயே கழிக்கிறது. கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. இது கடும் நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் இதை நைட்ரைட்டாக மாற்றும். பிறகு நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். நைட்ரேட்டின் கேடு குறைவு. ஆனால் சேரச் சேர மீன் சோர்ந்து போகும். வளர்ச்சி குன்றும். தொட்டியில் பாசி படரும்.

அதனால்தான் வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுகிறோம்.

"வாராவாரம் மாற்றுகிறேன் தம்பி. அப்படியும் நைட்ரேட் குறையவில்லையே!"

"குழாய்த் தண்ணீரைச் சோதித்தீர்களா அக்கா?"

"இல்லையே! கண்ணாடி மாதிரி இருக்கிறதே."

"நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தொட்டியில் லிட்டருக்கு 80 மில்லிகிராம் இருக்கிறது என்று வையுங்கள். குழாய்த் தண்ணீரில் 60 இருக்கிறது. பாதியை மாற்றினால் 70 ஆகும். எத்தனை முறை மாற்றினாலும் 60-க்குக் கீழே இறங்காது."

"பிறகு என்ன செய்வது?"

"மழைநீரைச் சேர்த்து வையுங்கள். முதல் மழையை விட்டுவிட்டு, பிறகு பிடியுங்கள். பாதித் தண்ணீருக்குப் பதில் மழைநீர் ஊற்றினால் 80 என்பது 40 அளவுக்கு வரும். தொட்டியில் நீர்ச்செடி வளருங்கள். செடி நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும். தீனியைக் குறைத்துப் போடுங்கள். மீந்த தீனியும் அழுகி நைட்ரேட் ஆகும்."

"இதே தண்ணீரைத்தானே நாங்களும் குடிக்கிறோம்?"

"நல்ல கேள்வி அக்கா. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. இது இந்தியத் தர அளவு. உங்கள் பேரனுக்குப் புட்டிப்பால் எந்தத் தண்ணீரில் கரைக்கிறீர்கள்?"

"குழாய்த் தண்ணீரில்தான். நன்றாகக் காய்ச்சித்தான் கரைக்கிறோம்."

"காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றுவதால் அதன் அளவு கூடும். கைக்குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் போகலாம். உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்."

இந்தக் கேடு எங்கிருந்து வருகிறது? வயலில் அளவுக்கு மீறிப் போடும் யூரியா, சாணக் குவியல், கழிப்பறைக் குழி ஆகியவற்றிலிருந்து நிலத்தடி நீரில் இறங்குகிறது. ராஜஸ்தான், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் நைட்ரேட் அதிகம்.

நினைவில் வைப்போம்

1. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும்.
2. குழாய்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதிப்போம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊர்ப் பெண்களுக்கே சோதனைப் பெட்டியும் பயிற்சியும் தருகிறார்கள்.
3. குடிநீர்க் கிணற்றருகே எருக்குழி வேண்டாம்.

கணக்குப் போடுவோம்

தொட்டியில் 100. குழாயில் 40. பாதியை மாற்றினால் எவ்வளவு?