இரண்டு நிமிட நுவார்: மாணவர் படத்துக்கு ஒரு தொடக்கக் காட்சி

ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துவரச் சொன்னால், விஸ்காம் மாணவர்கள் பலரும் கைவைப்பது ஃபிலிம் நுவாரில்தான். ராத்திரி, ஒரே நடிகர், குறைந்த வசனம் என்று செலவு கையைக் கடிக்காது. ஆனால் எடுத்துவரும் படங்களில் பெரும்பாலும் ஒரே சரக்கு: சிகரெட் புகை, தொப்பி, பொம்மைத் துப்பாக்கி, சந்தில் ஒரு பிணம், கரகரத்த குரலில் ஒரு தத்துவம். இவற்றில் எதுவும் நுவாருக்குக் கட்டாயமில்லை.

கட்டாயம் ஒன்றே ஒன்று. தவறு என்று தெரிந்தே ஒருவர் அதில் கால் வைக்க வேண்டும். 1940களிலும் 50களிலும் ஹாலிவுட்டில் வந்த அந்தக் குற்றப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் இது பிடிபடும். எனவே கேமராவைத் தொடும் முன் ஒரு வரி எழுதுங்கள்: யார், என்ன தவறு செய்கிறார், எதற்காக? தொடக்கக் காட்சியில் முதல் இரண்டையும் காட்டுங்கள், மூன்றாவதை மறைத்துவையுங்கள். விளக்கு, சத்தம், எழுத்து எல்லாவற்றையும் இந்த ஒரு வரியிலிருந்துதான் முடிவு செய்யப்போகிறீர்கள்.

முதலில் இவற்றைப் பாருங்கள்

பில்லி வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944): ஊன்றுகோலோடு ஒரு நிழலுருவம் நம்மை நோக்கி நடந்துவருகிறது, அதன்மேல் பெயர்கள் ஓடுகின்றன. பிறகு லாஸ் ஏஞ்சலஸ் ராத்திரியில் ஒரு கார் தறிகெட்டுப் பாய்கிறது. அதிலிருந்து இறங்கும் காப்பீட்டு முகவர் அலுவலகத்துக்குள் போய், டிக்டஃபோனில் கொலையை ஒப்புக்கொள்கிறார். பணமும் கிடைக்கவில்லை, அந்தப் பெண்ணும் கிடைக்கவில்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறார். முடிவை முதலிலேயே கையில் கொடுத்த பிறகும் நாம் எழுந்து போவதில்லை. எப்படி நடந்தது என்று தெரிந்தாக வேண்டுமே.

எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ (1954) இதே துணிச்சலை இன்னொரு வழியில் காட்டியது. பாட்டே இல்லாத படம். சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் ஆரம்பத்திலேயே துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிறது. அன்றைய ரசிகர் யாரைப் பார்க்க டிக்கெட் எடுத்தாரோ, அவரையே முதலில் சாய்த்துவிட்டுக் கதையைத் தொடங்குகிறார் இயக்குநர். எழுபது ஆண்டுகள் கழித்தும் இந்த முடிவு எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மாணவர் பட்ஜெட்டுக்கு மிக நெருக்கமானது ராபர்ட் ஆல்ட்ரிச்சின் ‘கிஸ் மீ டெட்லி’ (1955). ராத்திரி நெடுஞ்சாலையில் ஒரு பெண் வெறுங்காலோடு ஓடுகிறார். மூச்சிரைப்பு. எதிரே வரும் காரை மறித்து நிறுத்துகிறார். கார் கிளம்பிய பிறகும் அவர் விம்மல் ஓயவில்லை. அதன்மேல் பெயர்கள் தலைகீழ் வரிசையில், மேலிருந்து கீழாக இறங்குகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சாலை, ஒரு கார், அதன் முன்விளக்கு, ஒருவரின் மூச்சு.

இன்றைய படங்களில் ‘நைட்கிராலர்’ (2014). வேலிக் கம்பியைத் திருட்டுத்தனமாக வெட்டிக்கொண்டிருக்கிறான் ஒருவன். காவலாளி வருகிறார். பேச்சுக்கு நடுவில் அவர் கைக்கடிகாரத்தின் மேல் இவன் கண் போகிறது. பாய்கிறான். அடுத்த ஷாட்டில் அவன் கார் ஓட்டுகிறான், மணிக்கட்டில் அந்தக் கடிகாரம். அடித்தானா, கொன்றானா என்று காட்டவே இல்லை. ஆனால் இவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துபோகிறது. ரியான் ஜான்சனின் ‘பிரிக்’ (2005) பகல் வெளிச்சத்திலேயே தொடங்குகிறது, நடப்பதும் பள்ளி மாணவர்களிடையே. தான் படித்த பள்ளியிலேயே, 5 லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்தார். இருட்டு இல்லாமலும் நுவார் எடுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

உங்கள் ஊரில், உங்கள் தெருவில்

கோட்டும் தொப்பியும் அந்த ஊர்க் குளிருக்கு. உங்கள் பாத்திரத்தைத் தேட, தினமும் கடந்துபோகும் கடைகளைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. ராத்திரி எட்டு மணி, ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே வேலை பார்க்கும் பெண் ஒரு நிலப்பத்திரத்தைப் பிரதி எடுக்கிறாள். மெஷினின் வெளிச்சக் கோடு ஒவ்வொரு முறையும் அவள் முகத்தின் குறுக்கே ஓடி மறைகிறது. வாடிக்கையாளர் கேட்டது ஒரு பிரதி. தட்டில் இரண்டு விழுகின்றன. ஒன்று உறைக்குள் போகிறது, மற்றொன்று மடிந்து டிபன் பைக்குள் போகிறது. பாதி ஷட்டருக்கு வெளியே ஒரு ஜோடி செருப்புக் கால்கள் வந்து நிற்கின்றன. படத்தின் தலைப்பு.

யார், என்ன தவறு என்பது தெரிந்துவிட்டது. எதற்காக என்பது தெரியவில்லை. துப்பாக்கி இல்லை, பிணம் இல்லை, வசனமும் ஏறக்குறைய இல்லை. நகரும் வெளிச்சத்தை அந்த மெஷினே கொடுத்துவிடுகிறது. இப்படித் தொழிலோடு சேர்ந்தே வரும் வெளிச்சத்தைத் தேடுங்கள்: வெல்டிங் பட்டறை, ஏடிஎம் அறை, பழம் பழுக்கவைக்கும் குடோன், ஆம்புலன்ஸ் நிற்கும் வாசல். கதை பாதி அங்கேயே கிடைக்கும்.

திரைக்கதை ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்பது தொழில் வழக்கம். எனவே இரண்டு பக்கம் போதும். ஷாட்டுகளைப் பதினைந்துக்குள் அடக்குங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே, அதில் பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். எழுத எதுவுமில்லை என்றால் அந்த ஷாட்டை அடித்துவிடுங்கள்.

இருட்டை எடுப்பது எப்படி

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. இருட்டு வேண்டும் என்று விளக்கையே குறைத்துவிடுகிறார்கள். கேமரா ஐஎஸ்ஓ-வை ஏற்றிக்கொள்கிறது. கறுப்பு கறுப்பாக இல்லாமல், புள்ளி புள்ளியாக நெளியும் சாம்பல் நிறமாகிறது. செய்ய வேண்டியது நேர் எதிர். ஓர் இடத்தில் தாராளமாக வெளிச்சம் கொடுங்கள், அந்த வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், மற்ற இடங்கள் தாமாகக் கறுத்துப்போகும். நுவாரின் கறுப்பு, பக்கத்தில் இருக்கும் வெளுப்பினால் வருவது.

ஒரே ஒரு எல்இடி விளக்கு இருந்தால் அதை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். பக்கவாட்டிலோ, சற்றுப் பின்னாலோ வையுங்கள். மறுபக்கக் கன்னத்தில் வெளிச்சம் தேவையென்றால் ஒரு வெள்ளைத் தெர்மோகோலைக் காட்டுங்கள். தேவையில்லை என்றால் அங்கே கறுப்புத் துணியைப் பிடியுங்கள், வெள்ளைச் சுவரிலிருந்து எகிறி வரும் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். நம் வீட்டு அறைகள் சிறியவை, சுவர்களும் வெளிர் நிறம். அதனால் தெர்மோகோலைவிடக் கறுப்புத் துணிதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

பழைய நுவாரில் சன்னல் பட்டைகளின் நிழல் சுவரில் கோடு கோடாக விழும். நம் வீட்டில் அந்தப் பட்டைகள் கிடையாது, சன்னல் கம்பி இருக்கிறது. கம்பிக் கதவு, பூ வேலை செய்த கிராதி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாமே நிழல் தரும். நிழலின் ஓரம் கூர்மையாக வேண்டுமென்றால் விளக்கு சிறியதாக இருக்க வேண்டும், மறைப்பு சுவரை ஒட்டி இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் மறைப்பை வைத்தால் நிழல் மங்கிவிடும். சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிட்டு செல்போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். சிறிய புள்ளி வெளிச்சம் என்பதால் கத்தி வைத்து வெட்டினாற்போல நிழல் கிடைக்கும்.

காற்றில் வெளிச்சக் கற்றை தெரிய வேண்டுமா? கொஞ்சம் சாம்பிராணிப் புகை போதும். விளக்கு பின்னாலிருந்து வந்தால்தான் புகை தெரியும். புகை உணரும் கருவி உள்ள விடுதியிலோ லேபிலோ இதைச் செய்யாதீர்கள். ஆஸ்துமா உள்ள நடிகரைக் கேட்காமலும் செய்யாதீர்கள். தெருவில் எடுத்தால் ஷாட்டுக்கு முன் இரண்டு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். ஈரத்தரை விளக்கைத் திருப்பிக் காட்டும், கறுப்பாகத் தட்டையாகக் கிடந்த தரைக்கு உயிர் வரும்.

கேமராவில் மறக்கக் கூடாதவை இரண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் வேகத்தை 1/50 என்று வையுங்கள், இல்லாவிட்டால் குழல்விளக்கும் மலிவான எல்இடியும் திரையில் பட்டை பட்டையாக ஓடும். போனில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் ஜெராக்ஸ் வெளிச்சம் கடக்கும்போதெல்லாம் படம் தானாக மங்கும், தெளியும். இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா செயலியில் இதையெல்லாம் கையால் வைக்கலாம்.

வண்ணமா, கறுப்பு வெள்ளையா? இன்றைய நுவாருக்கு வண்ணம்தான் என் தேர்வு. ஆனால் இரண்டே நிறம். பல தெருக்களில் மஞ்சள் சோடியம் விளக்கு போய் வெள்ளை எல்இடி வந்துவிட்டது. அந்த நீலச் சாயல் வெள்ளையை வெளியிலும், ஒரு குண்டு பல்பின் மஞ்சளை உள்ளேயும் வைத்தால் இரண்டு உலகம் பிரிந்துவிடும். எடிட்டிங்கில் வந்து நிறம் பூசலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

காது

ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) காரில் வெடிகுண்டு வைக்கப்படுவதில் தொடங்குகிறது. மூன்று நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாமல் கேமரா எல்லை ஊரின் தெருக்களில் அந்தக் காரைத் தொடர்கிறது. ஸ்டூடியோ அதன்மேல் பெயர்களையும் ஹென்றி மான்சினியின் இசையையும் போட்டது. வெல்ஸ் விட்டுச்சென்ற குறிப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு 1998இல் வால்டர் மர்ச் படத்தை மறுபடி தொகுத்தார். பெயர்கள் போயின. கடைகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் வரும் பாட்டுகள் ஒன்று தேய ஒன்று எழுகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பின்னணி இசை இல்லாமலே பதற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்த ஒப்பீடு ஒரு பருவப் பாடத்துக்குச் சமம்.

உங்கள் ஜெராக்ஸ் கடையில் மெஷின் ஓடும் சத்தம் இருக்கிறது, தெருவில் பஸ் ஹாரன், ஷட்டர் தகரத்தின் கிறீச். எடுக்கும்போது ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், வெட்டுகளுக்கு நடுவில் ஒட்டுப்போட அது வேண்டும். செருப்புச் சத்தத்தைத் தனியே பதிவு செய்யுங்கள். பின்னணிக் குரல் வைத்தால், திரையில் தெரிவதையே அது திரும்பச் சொல்லக் கூடாது. முகம் அமைதியாக இருக்கும்போது குரல் பயப்படலாம். அல்லது பொய் சொல்லலாம்.

தலைப்பு எழுத்துகளுக்கு ஷாட் எடுக்கும்போதே இடம் விட்டுவையுங்கள். தமிழில் போட்டால் எடிட்டிங் மென்பொருளில் கொம்பும் புள்ளியும் இடம் மாறாமல் விழுகின்றனவா என்று முதல் நாளே சோதியுங்கள்.

அனுமதி, பாதுகாப்பு

தெருவில் எடுக்க உள்ளூர்க் காவல் நிலையத்தில் கல்லூரிக் கடிதத்தோடு கேளுங்கள். ரயில் நிலையம், தண்டவாளம் ரயில்வேயின் அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம். பொம்மைத் துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்து நீட்டாதீர்கள், தூரத்தில் நிற்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது. ராத்திரி படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரும் எப்படி வீடு போய்ச் சேர்வார்கள் என்பதை ஷாட் பட்டியலுக்கு முன்பே எழுதிவையுங்கள். நடிக்கும் பெண்ணின் வீட்டில் நீங்களே பேசுங்கள்.

முடித்த பிறகு

‘சன்செட் பொலிவார்ட்’ (1950) முதலில் பிணவறையில் பிணங்கள் பேசிக்கொள்ளும் காட்சியோடுதான் தொடங்கியது. முன்னோட்டக் காட்சியில் மக்கள் சிரித்துவிட்டார்கள். வைல்டர் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, நீச்சல்குளத்தில் மிதக்கும் பிணம் கதை சொல்லும் புதிய தொடக்கத்தை வைத்தார். குளத்தின் அடியிலிருந்து எடுத்ததுபோலத் தெரியும் அந்த ஷாட், குளத்தடியில் ஒரு கண்ணாடியை வைத்து மேலிருந்து எடுத்தது. நீங்களும் முதல் தொகுப்பைச் சினிமா படிக்காத ஐந்து பேருக்குப் போடுங்கள். ‘நல்லா இருக்கா’ என்று கேட்காதீர்கள். ‘அவள் என்ன செய்தாள், அடுத்து என்ன நடக்கும்’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஐவரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு ஐந்து பதில் வர வேண்டும். இல்லையென்றால் மறுபடி ஒரு ராத்திரி எடுக்க நேரம் இருக்குமாறு திட்டமிட்டிருக்க வேண்டும், அதனால் படப்பிடிப்பைக் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே முடியுங்கள்.

இந்த இரண்டு நிமிடம் மதிப்பெண்ணோடு நிற்காது. உதவி இயக்குநராகவோ, கேமரா உதவியாளராகவோ வாய்ப்புத் தேடும்போது முழுக் குறும்படத்தைப் பார்க்கப் பலருக்கு நேரம் இருக்காது, இரண்டு நிமிடம் என்றால் பார்ப்பார்கள். அவர்கள் கேட்கப்போவது ‘இந்த விளக்கை ஏன் இங்கே வைத்தாய்’ என்பதைத்தான். அதனால் விளக்கு வைத்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் கையால் ஒரு தரைப்படம் வரையுங்கள்: விளக்கு எங்கே, கேமரா எங்கே, கறுப்புத் துணி எங்கே. நீக்கிய ஷாட்டுகளையும், நீக்கிய காரணத்தையும் எழுதிவையுங்கள். வைவாவிலும் இதே தாள்கள் கைகொடுக்கும். குழுவில் யார் எந்த வேலை செய்தார் என்பதைப் பெயர்ப் பட்டியலில் உள்ளபடியே போடுங்கள். ஒருவரே எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் என்று நான்கு முறை வருவதைவிட, ஒரு வேலையை முழுதாகச் செய்தவரின் பெயரை நம்பி அழைப்பது எளிது. வாய்ப்புக் கேட்டு அனுப்பும் மெயிலில் படத்தின் இணைப்புக்கு மேலேயே, அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் வேலை எது என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்.