இறைச்சி இல்லாத சில்லி: குளிர்நாளுக்கு ஒரு பெரிய பானை

அமெரிக்கச் சமையல் குறிப்பில் ‘மூன்று மேசைக்கரண்டி சில்லி பவுடர்’ என்று பார்த்ததும் அஞ்சறைப்பெட்டிக்குக் கை நீட்டாதீர்கள். அந்த ஊரில் அந்தப் பெயரில் விற்பது வெறும் மிளகாய்த்தூள் இல்லை. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், பூண்டுப்பொடி, ஆரிகானோ எல்லாம் சேர்ந்த மசாலாப்பொடி அது. 1890களில் டெக்சஸில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் விற்கத் தொடங்கிப் பிரபலமாக்கியது. நம் குண்டூர் மிளகாய்த்தூளை அதே அளவில் போட்டால் பானையோடு கொட்ட வேண்டியதுதான்.

சில்லி பிறந்து வளர்ந்தது டெக்சஸில். சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் 1880களில் பெண்கள் அடுப்பு மூட்டி விற்ற இறைச்சிக் குழம்பு அது. 1977இல் மாநில உணவாகவே அறிவித்துவிட்டார்கள். பீன்ஸ் போட்டால் அது சில்லியே இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் அங்கே இன்றும் உண்டு. அவர்கள் கண்ணில் இந்தக் கட்டுரை படாமல் இருக்கட்டும். வடக்கே, சிகாகோ போலப் பனி கொட்டும் ஊர்களில், பீன்ஸ் போடுவதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை.

சைவச் சில்லி பல வீடுகளில் தக்காளி சூப்பில் மிதக்கும் ராஜ்மாவாக முடிந்துவிடுகிறது. இறைச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தை அப்படியே காலியாக விடுவதுதான் காரணம். இறைச்சி கொடுத்தது கொழுப்பு, வறுபட்ட ருசி, மெல்லுவதற்கு ஏதோ ஒன்று, அடர்த்தியான சாறு. இந்த நான்குக்கும் நாம் வேறு வழி பார்க்க வேண்டும்.

சாறு பீன்ஸிலிருந்து வரும். ஆறு பேருக்கு 300 கிராம் காய்ந்த பீன்ஸ் போதும். ராஜ்மாவோ, கறுப்பு பீன்ஸோ, இரண்டுமோ. இரண்டும் என்றால் தனித்தனியாக வேகவையுங்கள், பதம் வேறு வேறு. முதல் நாள் இரவே உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் மெத்தென்று வேகும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வையுங்கள். ராஜ்மாவுக்கு நான்கைந்து விசில், கறுப்பு பீன்ஸுக்கு மூன்று. ஆவி தானாக அடங்கட்டும். வெந்த தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதீர்கள்; உங்கள் சாறே அதுதான். சாம்பாரில் பருப்பு வேகுமுன் புளி ஊற்றமாட்டோமே, அதே நியாயம் இங்கே தக்காளிக்கும்: புளிப்பு பட்டால் பீன்ஸ் மசியாமல் அடம்பிடிக்கும். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த பீன்ஸ் என்றால் எத்தனை விசில் வைத்தாலும் பயனில்லை.

குளிர்நாடுகளில் ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஊறிய ராஜ்மாவைப் பச்சையாக அதில் போட்டுவிட்டு வேலைக்குப் போகக் கூடாது. ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாமல் தங்கிவிடலாம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குக்கரில் வேகவைத்தது, அல்லது அடுப்பில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதித்தது மட்டுமே ஸ்லோ குக்கருக்குள் போக வேண்டும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்ததால் பயமில்லை. இந்த அளவுக்கு மூன்று டின், கழுவிப் போடுங்கள்.

இனி மிளகாய். ஆங்ச்சோ, குவாஹீயோ என்ற மெக்சிகோ வற்றல்கள் கிடைத்தால் மொத்தம் ஐந்து எடுத்து, விதை நீக்கி, வெறும் வாணலியில் வாசனை வரும் வரை மட்டும் புரட்டுங்கள். கருகினால் கசக்கும். வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து விழுதாக அரையுங்கள். கிடைக்காவிட்டால் எட்டுக் காஷ்மீரி மிளகாயும் ஒரு தேக்கரண்டி புகையூட்டிய பாப்ரிகாவும் நிறத்தையும் புகைமணத்தையும் கொடுத்துவிடும். கடையில் வாங்கிய சில்லி பவுடரைவிட இந்த விழுது பல மடங்கு மேல் என்பது என் கட்சி.

வறுபட்ட ருசிக்குக் காளான். 250 கிராமைக் கொத்துக்கறி போலப் பொடியாக நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் தாராளமாக எண்ணெய் விட்டு, தண்ணீர் வற்றி ஓரமெல்லாம் சிவக்கும் வரை விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எதைப் போட்டும் ஈடுகட்ட முடியாது. பிறகு இரண்டு பெரிய வெங்காயம், ஒரு குடைமிளகாய், ஆறு பல் பூண்டு. வெங்காயம் நன்றாகச் சிவந்ததும் இரண்டு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்டைப் போட்டு, அது செங்கல் நிறத்துக்கு மாறும் வரை கிளறுங்கள். வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு மேசைக்கரண்டி, ஆரிகானோ இரண்டு தேக்கரண்டி, மிளகாய் விழுது, எண்ணெய் பிரியட்டும். கரம் மசாலா பக்கம் போகாதீர்கள், போனால் ராஜ்மா மசாலா ஆகிவிடும்.

பீன்ஸ், அதன் தண்ணீர், 800 கிராம் டின் தக்காளி, மெல்லுவதற்காக மூன்று மேசைக்கரண்டி வறுத்த சம்பா கோதுமை ரவை. மீல்மேக்கரும் போடலாம், எனக்கு அதன் வாடை ஒத்துவருவதில்லை. சிறு தீயில் முக்கால் மணி நேரம், அடிபிடிக்காமல் அவ்வப்போது கிளறி. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸும், இனிப்பில்லாத கோகோ பொடி ஒரு தேக்கரண்டியும் சேர்த்தால் ருசிக்கு ஆழம் வரும். சாக்லேட் வாசனை தெரியாது. நீர்க்க இருந்தால் ஒரு கரண்டி பீன்ஸை மசித்து விடுங்கள். கார்ன்ஃப்ளோர் கரைத்து ஊற்றினால் வழவழப்புத்தான் மிஞ்சும். இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்து, அதன் பிறகே உப்பு பாருங்கள்.

மேலே வெங்காயத்தாள், கொத்தமல்லி, ஒரு கரண்டி கெட்டித்தயிர். பக்கத்தில் சோள பிரெட். நெப்ராஸ்காவில் பட்டை மணக்கும் இனிப்பு ரோலோடும், சின்சினாட்டியில் ஸ்பகெட்டியின் மேல் ஊற்றியும் சாப்பிடுகிறார்கள். முதலாவதைத் தயங்காமல் முயன்று பார்க்கலாம்.

மறுநாள் ருசி கூடும் என்பதால் அளவைக் குறைக்காதீர்கள். மிச்சத்தை அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே பனிதானே என்று பானையோடு பால்கனியில் வைப்பது வேண்டாம். மதிய வெயிலில் அங்கே சூடு ஏறுவது உங்களுக்குத் தெரியாது. ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் மூன்று மாதம் தாங்கும். சூடுபடுத்தும்போது இறுகியிருக்கும், கொஞ்சம் வெந்நீர் விட்டு நன்றாகக் கொதிக்க வைத்து, எலுமிச்சையை மறுபடி பிழியுங்கள்.