வெள்ளி மதியத்துக்கும் திங்கள் காலைக்கும் நடுவே

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. பிறந்தநாளுக்குப் புதுத்துணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தோழிகளோடு சேர்ந்து 8,000 ரூபாய் திரட்டி வைத்திருக்கிறாய். ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் 40 பேருக்கு ஒரு மதியம் பிரியாணி போடலாமா என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் பிரியாணிக்குச் சொல்லிவிடும் முன் அத்தை எழுதுவதை ஒருமுறை படி.

நான் 34 வருடம் கரிசல்காட்டுப் பள்ளிகளில் பாடம் நடத்தியவள். ஆசிரியப் பயிற்சியில் சொல்லித்தராத ஒரு பாடத்தைச் சத்துணவுக் கூடத்து அன்னக்கூடை எனக்குச் சொல்லித்தந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கூடையில் கொஞ்சம் சோறு மிஞ்சும். திங்கட்கிழமை ஒரு பருக்கை மிஞ்சாது. அதே பிள்ளைகள், அதே அளவு அரிசி. சமையலர் அக்காவிடம் காரணம் கேட்டேன். "நடுவுல ரெண்டு நாள் லீவு இல்லையா டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு திங்கட்கிழமை முதல் பாடவேளையில் கண் சொருகும் எந்தப் பிள்ளையையும் நான் அதட்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் சோறு போடும் எண்ணம் நம்மிடம் நூறு வருடத்துக்கும் மேல் பழையது. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில், 1920-இல், ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தார்கள். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகக்கூடாது என்பது கணக்கு. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிட அன்றைய அரசு இசையவில்லை. 1925-இல் அது நின்றுபோனது. நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது, நாளைக்கும் உலை கொதிக்க வழி செய்திருக்க வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். ஊர்மக்கள் தாமாகவே அரிசியும் பருப்பும் காய்கறியும் கொடுத்து நடத்தியதிலிருந்து வளர்ந்த திட்டம் அது. பிறகு அரசு பணம் தந்தபோதும் ஊரை விலக்கிவிடவில்லை. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு. அதில் ஆறு காசு அரசுடையது, நான்கு காசு ஊருடையது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022-இல் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. இன்று உலைக்கு வேண்டிய காசை அரசே கொடுக்கிறது. ஆனால் ஊரின் நான்கு காசுக்கு இன்னும் வேலை இருக்கிறது, கயல். உன் 8,000 ரூபாய் சேர வேண்டிய இடம் அதுதான்.

அரசின் கை எட்டாத இடங்கள் இரண்டு. ஒன்று, வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத பிள்ளை. சூளைக் குடும்பங்கள் பருவத்துக்கு வந்து, மழைக்கு முன் ஊர் திரும்புகிறவர்கள். வருடத்தின் நடுவில் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று அந்தத் தாய்மார்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, சேர்க்கைக் காலம் முடிந்தது என்றெல்லாம் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே முதல் வேலையாக அந்தத் தாய்மார்களோடு பள்ளிக்கூடம் வரை நடந்து போ. இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. பெயர் ஏறிவிட்டால் பள்ளி நாளெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சோறு உண்டு, கூடவே பாடமும் உண்டு.

இன்னொன்று, அந்தச் சனியும் ஞாயிறும். அந்த இரண்டு நாளும் மாலையில் சுண்டல் கொடு. ஆளுக்கு 30 கிராம் கொண்டைக்கடலை என்றால் 40 பேருக்கு 1 கிலோ 200 கிராம். எண்ணெய், தேங்காய்ப்பூ, தாளிதம் எல்லாம் சேர்த்து ஒரு மாலைக்கு 160 ரூபாய்க்குள் முடியும் என்று வை. உன் பணத்தில் 50 மாலை, அதாவது ஏறக்குறைய அரை வருடத்துச் சனி ஞாயிறு அத்தனையும். அரிசி வயிற்றை நிரப்பிவிடும். வளரும் உடம்புக்குப் புரதமும் வேண்டும், அதைக் கடலை தரும். சுண்டல் தின்றபின் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து கதை வாசி, எழுத்துக்கூட்டிப் படிக்க வை. வயிறு நிறைந்த பிள்ளைக்கு எழுத்து எவ்வளவு சீக்கிரம் வசப்படுகிறது என்பதை நீயே பார்ப்பாய்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரியவர் பிள்ளைகளுக்கு விருந்து போட வந்தார். பேச்சும் படமெடுப்பும் முடிய மதியம் இரண்டரை மணி ஆகிவிட்டது. அதுவரை பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்கவைத்தவள் நான்தான். கடைசியில் எல்லோரும் கைகூப்பி நன்றி சொன்ன பிறகே இலை போட்டோம். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தலைகுனிந்தபடியே சாப்பிட்டாள். அந்தக் குனிந்த தலை இன்றும் எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. நீ படம் எடுக்காதே. நன்றி சொல்லச் சொல்லாதே. உனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு, அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடு.

50 மாலையும் தவறாமல் போக முடியுமா என்று முதலில் உன்னையே கேட்டுக்கொள். முடியாதென்றால் பத்துப் பிள்ளைகளோடு தொடங்கு. சொன்ன நாளில் போய் நில். வருவேன் என்று சொல்லி வராத அக்காக்கள் எத்தனையோ பேரை அந்தப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்.

மனம் துணிந்துவிட்டால், இந்த வெள்ளிக்கிழமை இரவே கடலையை ஊறப்போட்டுவிடு.

உன் பிரியமுள்ள
அத்தை