சாயக் கழிவு ஜலமும் கரியும்

கலங்கிய ஆற்று ஜலத்தைத் தெளிவிக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். மண் துகள்கள் திரண்டு அடியில் தங்க, மேலே தெளிந்த ஜலம் நிற்கும். சாயத் தொட்டியிலிருந்து வெளிப்படும் ஜலத்திலோ இம்முறை அவ்வளவாகப் பலிப்பதில்லை. ஏனெனில், சாயம் மண்ணைப்போல் ஜலத்தில் மிதப்பதன்று. அதில் கரைந்து நிற்பது. கரைந்த பொருளை வேறொன்றின்மேல் பற்றச் செய்து பிரிப்பது ஒரு வழியாகும். அதற்கு உதவும் பொருள்களில் முதன்மையானது கரி.

கரித்தூள் திரவங்களின் நிறத்தை நீக்குவதை 1785-ஆம் ஆண்டில் ருஷ்யாவில் வசித்த லோவிட்ஸ் என்னும் இரசாயன சாஸ்திரி கண்டறிந்தார். பஞ்சு ஜலத்தை உறிஞ்சுவதுபோல் கரி சாயத்தை உறிஞ்சுவதில்லை. வெல்லத்தின்மேல் ஈ மொய்ப்பதுபோல் சாயம் கரியின் பரப்பில் வந்து ஒட்டிக்கொள்ளுகிறது. ஆகையால் பரப்பு எவ்வளவு அதிகமோ, பயனும் அவ்வளவு அதிகம். அடுப்புக் கரியிலும் நுண்ணிய துளைகள் உண்டு. ஆயினும் அவற்றிற் பல தாரினால் அடைபட்டிருக்கும். கொட்டாங்கச்சிக் கரியைச் சுமார் 900 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் நீராவி செலுத்திப் பதப்படுத்தினால் அத்துளைகள் திறந்து பெருகுகின்றன. அவ்விதம் பதப்படுத்திய கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறையக் கால் ஏக்கர். ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர் அடங்குமென்றால் உழவர் நகைக்கக்கூடும். ஆனால் அது உண்மையே.

களிமண்ணும் சில சாயங்களைப் பற்றும். எனினும் அதன் பரப்பு எதிர் மின்னூட்டமுடையது. பருத்திக்கு இக்காலத்தில் பெரிதும் உபயோகிக்கும் சாயங்களும் அத்தகையனவே. ஒத்தவை ஒன்றையொன்று விலக்குமாதலால் இவ்விஷயத்தில் களிமண் அதிகம் உதவாது.

இனி, அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வருகிறது. பருத்தியில் சாயம் ஏறும்பொருட்டுத் தொட்டியில் ஒரு லிட்டர் ஜலத்திற்கு 50 கிராமும் அதற்கு மேலும் உப்புச் சேர்ப்பதுண்டு. கரி சாயத்தைப் பற்றுமேயன்றி இவ்வுப்பைப் பற்றாது. இதைச் சங்கக் கட்டிடத்திலேயே பரிசோதித்தறியலாம். சாயக் கழிவு ஜலம் சிறிது எடுத்து, பதப்படுத்திய கரித்தூளை இட்டு அரை மணி நேரம் கலக்கிப் பின் கெட்டித் துணியில் வடிக்கவேண்டும். சாயம் நீங்காவிடில் மேலும் கரி சேர்க்கலாம். வடித்த ஜலத்தை ஒரு தட்டிலும், வடிக்காததை மற்றொரு தட்டிலும் சம அளவில் ஊற்றி வெயிலில் காய வைத்தால் இரண்டிலும் உப்புப் படிந்திருக்கும். ஒன்று வெளுத்தது, மற்றொன்று நிறமுடையது; வித்தியாசம் அவ்வளவே. எதையும் நாவில் வைத்துப் பார்த்தல் கூடாது.

நிறமில்லாத இவ்வுப்பு ஜலமே உழவரை எளிதில் ஏமாற்றுவது. உப்பு மிகுந்த மண்ணில் ஈரமிருந்தும் வேர் அதை இழுக்கமாட்டாது. சோடியம் சேரச் சேர மண்ணும் இறுகிவிடும். நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ஆம் ஆண்டில் பாசனத்திற்கெனத் திறக்கப்பட்டது. சில வருஷங்களுக்குள் அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்குமிடமாயிற்று. பாசனத்திற்கு வேண்டிய ஜலத்தைப் பயிருக்கு விட உழவர் அஞ்சினர். சுற்றுப்புறக் கிணறுகளும் உப்பாயின. வழக்குகள் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் கழிவை வெளியே விடாமல், சவ்வின் வழியாக அழுத்தி வடித்து ஜலத்தை மீட்டு, எஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கும் முறை அங்கே பரவிற்று. செலவு அதிகந்தான், ஆனால் உப்பை நீக்குவது அதுவே.

சிறு சாயத்தொட்டி வைத்திருப்போர் கரியைப் பயன்படுத்துங்கால், வடிந்து வரும் ஜலத்தில் மீண்டும் நிறம் தோன்றியதும் கரி நிறைந்துவிட்டதென அறிந்து மாற்றவேண்டும். சாயம் நீங்கிற்றென்று அந்த ஜலத்தை வாய்க்காலில் விடுதல் தகாது. நிறைந்த கரியை எருக்குழியிலோ வயலிலோ கொட்டுவதும் அவ்வாறே. பற்றிய சாயம் அழிவதில்லை, கரியிலேயே இருக்கிறது.