பகா எண் ஒன்றின் கதை

'பகா எண்' என்பது 'பகாத எண்' என்பதன் ஈறு கெட்ட வடிவம்; 'வாடா மலர்' என்பது போன்றது. ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாது என்பதால் இப்பெயர் பெற்றது. 7 பகா எண் என உடனே கூறிவிடுவோம். 2147483647?

முதலில் இதைத் தமிழில் படியுங்கள். வீட்டில் தமிழ் பேசுவோர்கூட எண் என்று வந்ததும் வேற்றுமொழிக்குத் தாவிவிடுகிறோம். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு.

31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். இவ்வகைப் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பர். பிரான்சு நாட்டுத் துறவியான மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் இது இடம்பெற்றது. ஆனால், 67 இரண்டுகளால் அமையும் எண்ணும் அதே பட்டியலில் இருந்தது. அது பகு எண் எனப் பின்னர்த் தெரியவந்தது. ஆகவே பட்டியலை மட்டும் நம்ப இயலாது.

1772இல் ஆய்லர் இதனை நிறுவினார். அப்போது அவர் பார்வையை ஏறத்தாழ முற்றும் இழந்திருந்தார். ஓர் எண் பகு எண்ணாயின், அதன் வர்க்கமூலத்தை விஞ்சாத பகாக் காரணி ஒன்று அதற்கு இருந்தே தீரும். இவ்வெண்ணின் வர்க்கமூலம் 46340ஐச் சற்றே கடக்கும். அதற்குள் 4792 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பதா? வேண்டியதில்லை. சிறிய எண் ஒன்றைக் காண்போம். 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. இது 23, 89 ஆகியவற்றின் பெருக்கம். இக்காரணிகளை 11ஆல் வகுங்கள். இரண்டிலும் மீதி 1. எட்டால் வகுத்தால் மீதி முறையே 7, 1. இது தற்செயல் அன்று, விதி. நம் எண்ணுக்குப் பகாக் காரணி இருப்பின், அதை 31ஆல் வகுத்தால் மீதி 1 ஆகவும், எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவும் அமைய வேண்டும். 1 நீங்கலாக, 46340க்குள் இவ்விரண்டுக்கும் பொருந்துபவை 373 எண்களே. அவற்றுள் பகு எண்களை நீக்கினால் எஞ்சுபவை நூற்றுக்கும் குறைவு. அவற்றுள் எதுவும் இதனை வகுக்கவில்லை.

இவ்வெண்ணைக் கொண்டு அமையும் நிறைவெண்ணை விடப் பெரியதை எவரும் தேடப்போவதில்லை, அதனால் பயன் ஏதுமில்லை என்று 1811இல் ஆங்கிலேயரான பார்லோ எழுதினார். 1876இலேயே லூக்கா 39 இலக்கப் பகா எண் ஒன்றை நிறுவிவிட்டார். இன்றோ, 32 பிட் கணினியில் குறியுடன் எழுதத்தக்க மிகப் பெரிய முழு எண் இந்த 2147483647தான். 1970 தொடக்கம் முதல் நொடிகளை எண்ணிவரும் அத்தகைய கணினிக் கடிகாரங்கள் 2038 சனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இவ்வெண்ணைத் தொடும். அடுத்த நொடிக்கு அவற்றில் இடமில்லை.

அருஞ்சொற்பொருள்
நிறைவெண் – தன்னை நீக்கிய பிற வகுஎண்களின் கூடுதலுக்குச் சமமான எண் (6 = 1 + 2 + 3)
விஞ்சாத – மிகாத

பயிற்சி
1. 8191 என்பதை எழுத்தால் எழுதுக.
2. 'பகா எண்' போன்று அமையும் தொடர்கள் மூன்று தருக.
3. 13 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 8191. இது பகா எண்ணா என அறிய ஒரே ஓர் எண்ணால் வகுத்துப் பார்த்தால் போதும். அது எது? வகுத்துக் காண்க.