சம்மதமும் வயதும்

வரலாற்று வகுப்பில் சமூகச் சீர்திருத்தச் சட்டங்களைப் பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். பின் வரிசை நண்பர் ஒருவர் எழுந்து, "ஐயா, பெண்ணே சம்மதித்த பின் குற்றம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆயின், முதலாண்டில் சேரும் நம்மில் பலர் பதினேழு வயதினர் என்பதை எண்ணியபோது அது சிரிப்புக்குரிய கேள்வியன்று எனத் தோன்றிற்று. நூலகத்தில் தேடியறிந்ததை இங்கே தருகிறேன்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் சம்மத வயதைப் பத்து என வைத்தது. பதினொரு வயதை ஒட்டிய புல்மணி என்னும் கல்கத்தாச் சிறுமி, கணவனின் செயலால் உயிரிழந்தாள். அவள் பத்தைக் கடந்திருந்தமையால் 1890இல் நடந்த வழக்கில் வன்புணர்ச்சிக் குற்றம் அவன்மீது நிற்கவில்லை. அசட்டையால் கொடுங்காயம் விளைவித்ததற்காக ஓராண்டுக் கடுங்காவலே கிடைத்தது. மறு ஆண்டு வயது பன்னிரண்டாயிற்று. அதையும் சமயத்தில் தலையீடு என்று திலகர் எதிர்த்தார் என்பது எனக்கு வருத்தம் தந்த செய்தி. 1949இல் பதினாறு, மனைவிக்கு மட்டும் பதினைந்து. 2012இல் வந்த போக்சோ சட்டம் ஆண், பெண் இருபாலர்க்கும் பதினெட்டு என்றது. மனைவிக்கான விலக்கையும் 2017இல் உச்சநீதிமன்றம் பதினெட்டுக்கு உயர்த்தியது.

ஆக, பதினெட்டுக்குக் கீழே "சம்மதித்தாள்" என்பது எதிர்வாதமே அன்று. "வயது தெரியாது" என்பதும் எளிதில் உதவாது. குற்றமனம் இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் கொள்ளும். இல்லையென்று ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு.

எனவே போராட்டமெல்லாம் வயதுச் சான்றின் மீதுதான். பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ முதலிடம் பெறும். அடுத்தது நகராட்சி, ஊராட்சி முதலியவற்றின் பிறப்புச் சான்றிதழ். இவை இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. 2023இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் அரசுத் தரப்பு பள்ளி மாற்றுச் சான்றிதழை நம்பியிருந்தது. மருத்துவரோ பெண்ணின் வயது பதினெட்டிலிருந்து இருபதுக்குள் என்றார். மாற்றுச் சான்றிதழ் சட்டம் சொல்லும் ஆவணமன்று என்று கூறி உச்சநீதிமன்றம் தண்டனையை நீக்கிற்று. நாமெல்லாம் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மறந்துபோகும் அதே டி.சி.தான்!

இளம் பருவக் காதலையெல்லாம் தண்டிப்பது போக்சோவின் நோக்கமன்று என்று கருதி, 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்துச் செய்தது. எனினும் வயதைக் குறைக்க வேண்டாம் என்றே 2023இல் சட்ட ஆணையம் அறிக்கை தந்தது.

இவற்றையெல்லாம் கேட்ட பின்வரிசை நண்பர், "இருவருமே பதினேழு என்றால்?" என்றார். ஒத்த வயதினர்க்கென்று இச்சட்டத்தில் விலக்கு இல்லை. பையனின் வழக்கு முதலில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போகும் என்றேன். இம்முறை அவர் சிரிக்கவில்லை.